விதி செய்தது எது, ஈடிபஸ் செய்தது எது?



கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும்: "ஈடிபஸ் விதியின் கையில் ஒரு பொம்மை." எழுதச் சுலபமான வாக்கியம். முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், நாடகத்தின் கடைசிப் பகுதி விளங்காமலே போய்விடும். பொம்மை தன் கண்ணைத் தானே குத்திக்கொள்ளுமா? அப்படிக் குத்தச் சொன்னது யார்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் விதி, குற்ற உணர்வு, சுயதண்டனை ஆகிய மூன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பெரும்பாலான குழப்பம் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நாடகத்தைப் பற்றி

'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தை எழுதியவர் சோபோகிளிஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தவர். 120க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. நம் கைக்கு முழுமையாக வந்தவை 7 மட்டுமே. அந்த நாடகங்கள் தயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு எடுக்கப்பட்ட வசந்தகாலத் திருவிழாவில், போட்டியாக, திறந்தவெளி அரங்கில் நடிக்கப்பட்டன. நடிகர்கள் முகமூடி அணிந்திருந்தார்கள். பேசும் பாத்திரங்கள் அத்தனையையும் மூன்று நடிகர்களே மாறி மாறி ஏற்றார்கள். அவர்களோடு 15 பேர் கொண்ட பாடற்குழுவும் அரங்கில் இருக்கும்.

ஒரு முக்கியமான வழக்கத்தையும் நினைவில் வையுங்கள். கொலை, தற்கொலை, காயம் போன்றவை பெரும்பாலும் மேடையில் நடக்காது. உள்ளே நடந்ததை ஒரு தூதுவனோ பணியாளனோ வெளியே வந்து சொல்வான். ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்வதையும் நாம் பார்ப்பதில்லை, கேட்கிறோம். அதைச் சொல்பவனின் வார்த்தைகள் ரொம்ப முக்கியம். பின்னால் வருவோம்.

கதை, சுருக்கமாக

தீப்ஸ் நகரத்து அரசன் லாயியஸ். அவனுடைய மகனே அவனைக் கொல்வான் என்று டெல்பி ஆலயத்தில் அப்போலோ தெய்வத்தின் அருள்வாக்கு சொல்கிறது. பிறந்த குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிட்டு வரச் சொல்லி ஓர் இடையனிடம் கொடுக்கிறார்கள். அவன் இரக்கப்பட்டு, கொரிந்து நாட்டு இடையன் ஒருவனிடம் குழந்தையைக் கொடுத்துவிடுகிறான். பிள்ளையில்லாத கொரிந்து அரசனும் அரசியும் அதைத் தங்கள் பிள்ளையாக வளர்க்கிறார்கள்.

வளர்ந்தபின் ஒரு விருந்தில் குடிபோதையில் ஒருவன், "நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை" என்கிறான். உண்மையறிய ஈடிபஸ் டெல்பிக்குப் போகிறான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வாக்குத்தான் கிடைக்கிறது. பயந்துபோய், கொரிந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் வேறு திசையில் நடக்கிறான். வழியில் மூன்று பாதை கூடும் இடத்தில் வண்டியில் வந்த முதியவர் ஒருவரோடு தகராறு. அவர் தலையில் அடிக்கிறார், இவன் திருப்பி அடிக்கிறான், அவர் இறக்கிறார். அவர்தான் லாயியஸ். பிறகு தீப்ஸை வாட்டிய ஸ்பிங்க்ஸின் விடுகதைக்கு விடை சொல்லி, அந்நகருக்கு அரசனாகி, விதவை அரசி யொகாஸ்டாவை மணக்கிறான். நான்கு பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

இவ்வளவும் நாடகம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்ட கதை! இதை மாணவர்கள் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். மேடையில் நடப்பது ஒரே நாள். ஊரில் கொள்ளைநோய். லாயியஸைக் கொன்றவன் ஊருக்குள் இருப்பதால்தான் இந்தத் தீட்டு என்று டெல்பியிலிருந்து செய்தி வருகிறது. ஈடிபஸ் விசாரணையைத் தொடங்குகிறான். தேடுகிறவனே தேடப்படுகிறவன் என்று கடைசியில் தெரியவருகிறது.

விதியின் எல்லை எதுவரை?

இப்போது இரண்டு பட்டியல் போடுவோம். வெள்ளைப் பலகையில் நடுவில் ஒரு கோடு கிழித்துச் செய்து காட்டலாம்.

இடப்பக்கம், அருள்வாக்கு சொன்னவை: தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான். அவ்வளவுதான்.

வலப்பக்கம், ஈடிபஸ் தானாகச் செய்தவை: கொலைகாரனைக் கண்டுபிடிப்பேன் என்று ஊரறிய அறிவித்தது, பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் பேச மறுத்தபோதும் விடாமல் வற்புறுத்தியது, யொகாஸ்டா "இதற்குமேல் கேட்காதே" என்று கெஞ்சியபோதும் கேட்டது, பழைய இடையனை வரவழைத்து, மிரட்டி உண்மையை வாங்கியது, கடைசியில் கண்களைக் குத்திக்கொண்டது.

பார்த்தீர்களா? அருள்வாக்கு சொன்ன இரண்டும் மேடைக்கு வெளியே, பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தவை. நாடகத்துக்குள் நடப்பதெல்லாம் வலப்பக்கப் பட்டியலில் உள்ளவை. சோபோகிளிஸ் நமக்குக் காட்டத் தேர்ந்தெடுத்தது விதி நிறைவேறுவதை அல்ல, நிறைவேறிவிட்ட ஒன்றை மனிதன் தேடிக் கண்டுபிடிப்பதை.

புத்திசாலி மாணவர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: "டைரீசியஸ் முன்கூட்டியே சொல்லிட்டாரே! பார்க்கிறவன் குருடனாவான், பணக்காரன் பிச்சைக்காரனாவான், கோல் ஊன்றிப் போவான் என்று?" நல்ல கேள்வி. ஆமாம், சொல்கிறார். ஆனால் முன்கூட்டி அறிவது வேறு, அப்படிச் செய்யென்று கட்டளையிடுவது வேறு. உங்கள் மாணவர் ஒருவர் இந்தத் தேர்வில் நன்றாகச் செய்வார் என்று உங்களுக்கு முன்பே தெரியலாம். அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள் எழுதினீர்கள் என்று ஆகிவிடாது. கிரேக்கத் துன்பியலில் தெய்வத்தின் அறிவும் மனிதனின் செயலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். ஒன்று மற்றதை அழிப்பதில்லை.

யாரும் விதிக்காத தண்டனை

இனி கண் விஷயத்துக்கு வருவோம். கொலைகாரனுக்கு என்ன தண்டனை என்று நாடகத்திலேயே இரண்டு இடங்களில் பேசப்படுகிறது.

ஒன்று, டெல்பியிலிருந்து கிரியோன் கொண்டுவந்த செய்தி. கொலைகாரனை நாடு கடத்த வேண்டும், அல்லது கொலைக்குக் கொலை. இரண்டு, ஈடிபஸின் சொந்த அறிவிப்பு. குற்றவாளி தானே முன்வந்து ஒப்புக்கொண்டால் வேறு எந்தத் தீங்கும் இல்லாமல் நாட்டைவிட்டுப் போகலாம். மறைத்தால்தான் சாபம், ஒதுக்கிவைத்தல் எல்லாம். இதைக் கூர்ந்து படியுங்கள். அரசன் போட்ட சட்டப்படியே பார்த்தாலும், உண்மை தெரிந்ததும் ஈடிபஸ் செய்ய வேண்டியது ஊரைவிட்டுப் போவது மட்டும்தான்.

கண்ணைக் குத்த வேண்டும் என்று தெய்வம் சொல்லவில்லை, சட்டம் சொல்லவில்லை, ஊரார் கேட்கவில்லை. தூக்கில் தொங்கிய யொகாஸ்டாவை இறக்கிக் கிடத்தி, அவள் ஆடையிலிருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் திரும்பத் திரும்பக் குத்தினான் என்று அரண்மனைப் பணியாளன் வந்து சொல்கிறான். அதைச் சொல்லுமுன், இவை அறியாமல் நேர்ந்தவை அல்ல, விரும்பிச் செய்தவை என்றும், தானே தேடிக்கொண்ட துன்பமே அதிகம் வலிக்கும் என்றும் குறிப்பிடுகிறான். அறியாமல் செய்தது பழைய பாவம். அறிந்து செய்தது இந்தத் தண்டனை. இந்த வேறுபாட்டை ஆசிரியரே பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார்.

பிறகு ஈடிபஸ் வெளியே வருகிறான். எந்தத் தெய்வம் உன்னை இப்படிச் செய்யத் தூண்டியது என்று பாடற்குழு கேட்கிறது. துன்பங்களைக் கொண்டுவந்தது அப்போலோ, குத்திய கை என்னுடையது என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். விதியையும் தன் செயலையும் அவனே பிரித்துக் காட்டிவிட்டான். தேர்வில் இந்த இடத்தைச் சுட்டி எழுதும் மாணவர், நாடகத்தைப் படித்திருக்கிறார் என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு சான்றும் உண்டு. கண் குத்துவது இந்தக் கதையில் தவிர்க்கவே முடியாத பகுதி அல்ல. ஹோமரின் 'ஒடிசி'யில் இந்தக் கதை சுருக்கமாக வருகிறது. அங்கே தாய் தூக்கிட்டு இறக்கிறாள். ஈடிபஸோ துன்பத்தோடு தொடர்ந்து தீப்ஸை ஆள்கிறான். கண் போனதாகப் பேச்சே இல்லை. யூரிப்பிடிஸ் எழுதி, இன்று சில துண்டுகளாக மட்டும் கிடைக்கும் ஈடிபஸ் நாடகத்தில் லாயியஸின் பணியாட்கள் அவன் கண்களைப் பறிக்கிறார்கள். ஆக, அவன் தன் கையாலேயே குத்திக்கொள்வதாகக் காட்டுவது ஒரு நாடகாசிரியரின் தேர்வு.

தீட்டு வேறு, குற்றம் வேறு

சரி, தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு தண்டனை ஏன்? இங்கேதான் கிரேக்கர்களின் 'மியாஸ்மா' என்ற கருத்து வருகிறது. தமிழில் இதற்கு 'தீட்டு' என்ற சொல்லே போதும். இரத்தம் சிந்தியவனைத் தீட்டு ஒட்டிக்கொள்கிறது. வேண்டுமென்றே செய்தானா, தெரியாமல் செய்தானா என்று அது பார்ப்பதில்லை. ஊர் முழுக்கப் பரவும். அதனால்தான் கொள்ளைநோய்.

ஆனால் சட்டம் பார்த்தது. ஏதென்ஸில் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிராக்கோ இயற்றிய கொலைச் சட்டமே, எண்ணிச் செய்யாத கொலையைத் தனியாகப் பேசியது. வேண்டுமென்று செய்த கொலைக்கு ஒரு நீதிமன்றம், எண்ணாமல் நேர்ந்த கொலைக்கு இன்னொரு நீதிமன்றம் என்று தனித்தனியாக இருந்தன. நாடகம் பார்க்க வந்த ஏதென்ஸ் மக்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அவர்கள் முன்னால் நிற்பவன் தீட்டுப்பட்டவன், ஆனால் சட்டத்தின் கண்ணில் திட்டமிட்டுக் கொன்றவன் அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதனின் வேதனைதான் நாடகம்.

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் பயன்படுத்தும் 'ஹமார்த்தியா' என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிடலாம். குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அம்பு இலக்கில் படாமல் போவதுபோல. சில வழிகாட்டி நூல்கள் இதைக் 'குணக்கேடு' என்று போட்டுவிடுவதால், மாணவர்கள் "ஈடிபஸின் ஆணவமே அழிவுக்குக் காரணம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஈடிபஸ் கோபக்காரன்தான். சாந்தமானவனாக இருந்திருந்தாலும் தன் பெற்றோர் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்காதே! 'பெரும்பிழை' அல்லது 'அறியாப்பிழை' என்று எழுதுவது பாதுகாப்பு.

பின்னாளில் அவனே சொன்னது

சோபோகிளிஸ் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய நாடகம் 'கொலோனஸில் ஈடிபஸ்'. கண்ணில்லாத முதிய ஈடிபஸ், மகள் ஆன்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதென்ஸ் அருகே கொலோனஸ் என்ற ஊருக்கு வந்து சேர்கிறான். (இந்த இரண்டும் 'ஆன்டிகனி'யும் ஒரே தொகுப்பாக எழுதப்பட்டவை அல்ல. வெவ்வேறு காலத்தில் எழுதப்பட்டவை. "முத்தொடர் நாடகம்" என்று எழுதிவிடாதீர்கள்.)

இங்கே அவன் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது. நான் தெரிந்து செய்யவில்லை. என்னைத் தாக்கியவரைத்தான் திருப்பித் தாக்கினேன். சட்டப்படி நான் தூய்மையானவன் என்று வாதாடுகிறான். அதைவிட முக்கியமான ஓர் இடம்: காலம் போனபின், துயரம் ஆறியபின், பழைய பிழைகளுக்கு என் கோபம் அளவுமீறி என்னைத் தண்டித்துவிட்டது என்று புரிந்தது என்கிறான்.

முதல் நாடகத்தில் பாடற்குழு, நீ செய்தது சரியில்லை என்றபோது, எனக்குப் புத்தி சொல்லாதே என்று மறுத்தவன் அவன். பெற்றோரை மறுவுலகில் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று கேட்டவன். காதையும் அடைக்க முடிந்தால் அடைத்திருப்பேன் என்றவன். அதே மனிதன்தான் பின்னாளில் "அளவு மீறிவிட்டேன்" என்கிறான். குற்ற உணர்வு உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஒருவன் தனக்கே வழங்கும் தீர்ப்பு, நியாயமான தீர்ப்பாக இருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒப்பிட இரண்டு நாடகங்கள்

சோபோகிளிஸின் 'அஜாக்ஸ்'. அக்கிலீஸின் கவசங்கள் தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் கிரேக்கத் தலைவர்களைக் கொல்லக் கிளம்புகிறான் அஜாக்ஸ். ஆதீனா தெய்வம் அவன் புத்தியைக் கலக்கிவிட, ஆடுமாடுகளை எதிரிகள் என்று நினைத்து வெட்டித் தள்ளுகிறான். தெளிந்ததும் அவனை வாட்டுவது 'கொல்ல நினைத்தேனே' என்ற வருத்தம் அல்ல. 'ஊர் சிரிக்குமே, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்' என்ற அவமானம். தன் வாளாலேயே மாய்கிறான். குற்ற உணர்வுக்கும் மான உணர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

யூரிப்பிடிஸின் 'ஹெராக்ளிஸ்'. ஹீரா தெய்வம் ஏவிய பித்தத்தில் ஹெராக்ளிஸ் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கொன்றுவிடுகிறான். தெளிந்ததும் சாகத் துணிகிறான். தன் தீட்டு மற்றவரை ஒட்டக்கூடாதென்று தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்போது நண்பன் தீசியஸ் வருகிறான். நட்புக்குத் தீட்டில்லை என்று சொல்லி, மூடிய தலையைத் திறந்து, கையைப் பிடித்து ஏதென்ஸுக்குக் கூட்டிப்போகிறான். சாவதே கோழைத்தனமாகிவிடும் என்று எண்ணி ஹெராக்ளிஸ் வாழச் சம்மதிக்கிறான். விதி இங்கேயும் கொடியதுதான். ஆனாலும் முடிவு வேறாகிவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான் என்பதுதான் வித்தியாசம்.

பாண்டியனோடு ஒப்பிடலாமா?

தமிழ் மாணவர்கள் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கொண்டுவந்து ஒப்பிடுவது இயல்பு. தாராளமாக ஒப்பிடலாம். இருவரும் நீதி வழங்கும் அரசர்கள். உண்மை வெளிப்பட்டதும் தம்மையே குற்றவாளியாக ஏற்கிறார்கள். ஆனால் வேறுபாட்டையும் எழுதுங்கள். பாண்டியன் ஆராயாமல் தீர்ப்பளித்ததால் வீழ்ந்தான். ஈடிபஸ் விடாமல் ஆராய்ந்ததால் வீழ்ந்தான். பாண்டியனின் உயிர் அரியணையிலேயே பிரிந்தது. ஈடிபஸ் இறக்கவில்லை, இருட்டோடு வாழப் போனான். ஒற்றுமையை மட்டும் எழுதி முடிக்கும் விடை பாதி விடைதான்.

வகுப்பறையில் ஒரு கவனம்

ஆசிரியர்களே, இது உங்களுக்கு. நாம் இந்த நாடகத்தை நடத்துவது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு. தவறு செய்தவன் தன்னைத் தண்டித்துக்கொள்வதுதான் மேன்மை என்ற எண்ணத்தோடு அவர்கள் வகுப்பைவிட்டுப் போகக்கூடாது. மதிப்பெண் குறைந்ததற்கும், வீட்டில் நடந்த சண்டைக்கும்கூடத் தன்னையே குற்றவாளியாக்கி, வெளியே சொல்லாமல் தன்னை வருத்திக்கொள்ளும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். கண் குத்தும் காட்சியோடு பாடத்தை முடித்து மணியடித்தால் அனுப்பிவிடாதீர்கள். அதே பாடவேளையில் கொலோனஸில் அவன் சொன்னதையும், தீசியஸ் வந்து தலையைத் திறந்ததையும் சொல்லி முடியுங்கள். கலந்துரையாடலில் எந்தப் பிள்ளையாவது வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினால், தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, இந்த நான்கையும் நினைவில் வையுங்கள்.

1. "விதியே காரணம்" என்று எழுதினால் அடுத்த வாக்கியத்திலேயே விதி சொன்னது எது, பாத்திரம் தானாகச் செய்தது எது என்று பிரித்துக் காட்டுங்கள்.
2. தீட்டு, சட்டக் குற்றம், குற்ற உணர்வு, அவமானம் ஆகிய நான்கும் ஒன்றல்ல. எதைச் சொல்கிறீர்கள் என்று பெயரிட்டு எழுதுங்கள்.
3. கருத்துக்குப் பின்னால் நாடகத்திலிருந்து ஓர் இடத்தைக் காட்டுங்கள். ஈடிபஸின் அறிவிப்பு, பணியாளனின் விவரிப்பு, பாடற்குழுவுக்கு அவன் சொன்ன பதில் ஆகிய மூன்றும் எந்தக் கேள்விக்கும் கைகொடுக்கும்.
4. ஹமார்த்தியாவைக் குணக்கேடு என்று மொழிபெயர்க்காதீர்கள்.

கலந்துரையாட ஒரு கேள்வி: ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்ட அந்த நேரத்தில், ஹெராக்ளிஸுக்குத் தீசியஸ் வாய்த்ததுபோல் அவன் பக்கத்திலும் ஒருவர் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அரைப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைத் திருத்தும்போது எழுத்துப்பிழையைக் கொஞ்சம் பொறுத்து, பிள்ளை என்ன சொல்கிறது என்பதை முதலில் படியுங்கள்.